தீபாவளி விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

மும்பை

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

முதல் பருவம் நல்லபடியாக முடிந்தது. விளையாட்டிலும் ஓவியத்திலும் பேச்சுப் போட்டியிலும் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள். அனைவருக்கும் பாராட்டுகள்.

ஆங்கில வீட்டுப்பாடம் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். ஏழாம் வகுப்பு நோட்டு ஒன்றில் மாணவி "ஷி மஸ்ட் கோ" என்று சரியாகவே எழுதியிருக்கிறாள். அதைத் தாள் நைந்துபோகும் அளவுக்கு ரப்பரால் தேய்த்துவிட்டு, மேலே வேறு கையெழுத்தில் "ஷி மஸ்ட் டு கோ" என்று எழுதியிருக்கிறது. இப்படி இன்னும் பல நோட்டுகள்.

கேன், குட் (could), மே, மைட், வில், வுட், ஷுட், மஸ்ட் ஆகியவற்றுக்குப் பின் வெறும் வினைச்சொல்தான் வரும். 'டு' வராது. 'ஹி', 'ஷி' வந்தாலும் 'எஸ்' ஒட்டாது. 'ஹேவ் டு' என்பதற்கும் 'வேண்டும்' என்றே பொருள் சொல்லிப் பழகியதால் அதன் 'டு' மஸ்ட்டோடும் ஒட்டிக்கொள்கிறது. "ஐ கேன் ஏபிள் டு கம்" என்பதில் 'முடியும்' இரண்டு முறை வருகிறது. "ஐ கேன் கம்" போதும்.

நேற்று ஓடிப்போய் லோக்கல் ரயிலைப் பிடிக்க முடிந்தது என்றால் "ஐ வாஸ் ஏபிள் டு கேட்ச்". ஒருமுறை நடந்து முடிந்த காரியத்துக்கு 'குட்' பொருந்தாது. பிடிக்க முடியவில்லை என்பதற்கு 'குட் நாட்' சரிதான்.

அதிகம் தடுமாறும் இடம் 'வேண்டாம்'. நாளை டிபன் கொண்டுவர வேண்டாம் என்பதை "யூ மஸ்ட் நாட் பிரிங்" என்று எழுதினால் கொண்டுவரவே கூடாது என்று தடை போட்டதாகிவிடும். தேவையில்லை என்றால் "யூ நீட் நாட் பிரிங்" அல்லது "யூ டோன்ட் ஹேவ் டு பிரிங்". தமிழில் ஒரே சொல் இரண்டுக்கும் நிற்பதால் வரும் குழப்பம் இது. பிள்ளையிடம் 'கூடாதா, தேவையில்லையா' என்று கேளுங்கள். விடை அதிலேயே கிடைத்துவிடும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். பிள்ளை எழுதியதை அழித்து எழுதாதீர்கள். இரண்டாம் பருவம் முதல் வேறு கையெழுத்தில் வரும் வீட்டுப்பாடத்தைத் திருத்தாமல் திருப்பி அனுப்புவோம். டியூஷனில் எழுதிக் கொடுத்தார்கள் என்ற காரணத்தையும் ஏற்க மாட்டோம். பிள்ளையின் தவறு கண்ணில் பட்டால்தான் ஆசிரியர் அதைச் சொல்லித்தர முடியும்.

வேலை முடிந்து களைத்து வந்தும் பிள்ளையின் அருகில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டுகிறீர்கள். அந்த அக்கறைக்கு மனமார்ந்த நன்றி. சந்தேகம் வந்த வரியின் அடியில் பென்சிலால் ஒரு கோடு மட்டும் போட்டு அனுப்புங்கள், வகுப்பில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்