சந்தை வீழ்ச்சி எச்சரிக்கைகள் குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பங்குச் சந்தை பெருமளவில் விழப்போகிறது, இருப்பதையெல்லாம் விற்றுவிட்டு வெளியேறுங்கள் என்று சொல்லும் காணொளிகளும் வாட்ஸ்அப் செய்திகளும் அண்மைக் காலமாக அடிக்கடி வலம்வருகின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு மியூச்சுவல் ஃபண்டில் மாதத் தவணையாகப் பணம் போடும் எஸ்ஐபியை நிறுத்தலாமா, கையிலுள்ள ஃபண்டு யூனிட்டுகளை விற்றுவிடலாமா என்று எங்களிடம் கேட்பவர்களும் பெருகியிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் அரைகுறையாகப் பதில் சொல்வதைவிட, எங்கள் கருத்தைக் காரணங்களோடு எழுத்தில் வைப்பதே முறை என்று கருதி இம்மடலை எழுதுகிறோம்.

வீழ்ச்சி வராது என்று நாங்கள் சொல்லவில்லை. வரும். 2008 ஜனவரியில் 21,000 புள்ளிகளைத் தொட்ட மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ், அதே ஆண்டு அக்டோபரில் ஒருநாள் வணிகத்தின் நடுவே 8,000-க்கும் கீழே போனது. 2020 ஜனவரியில் 42,000-ஐத் தாண்டியிருந்த அதே குறியீடு, மார்ச் 23 அன்று ஒரே நாளில் 3,934 புள்ளிகளை, அதாவது 13 சதவீதத்துக்கும் மேல் இழந்து, 25,981-இல் முடிந்தது. அன்று காலை 10 சதவீதச் சரிவு ஏற்பட்டதும் விதிப்படி 45 நிமிடம் வணிகமே நிறுத்திவைக்கப்பட்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பங்கில் பணம் போடுகிறவர் தம் வாழ்நாளில் இப்படிப்பட்ட நாள்களைச் சிலமுறையேனும் பார்த்தே தீரவேண்டும். ஆகவே வீழ்ச்சி வரும் என்று மட்டும் ஒருவர் சொன்னால், அது யாராலும் மறுக்க முடியாத, ஆனால் யாருக்கும் பயன்படாத கூற்று. எப்போது, எவ்வளவு, பிறகு எந்த நிலையில் திரும்ப வாங்குவது என்ற மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் அதை முன்னறிவிப்பு என்று எடுத்துக்கொள்ள முடியும். மூன்றாவதைச் சொன்னவரை நாங்கள் காண்பது மிக அரிது.

காலத்தைக் குறித்துச் சொல்லிப் பலித்தவர்களே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் டோ ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தது. அதற்கு முந்தைய வாரமே பெருஞ்சரிவு நெருங்கிவிட்டது என்று எச்சரித்த எலைன் கார்சரெல்லி என்ற ஆய்வாளர், அதன்பின் நாடறிந்தவரானார். 1996 ஜூலையில் அவரே மறுபடியும் விற்கச் சொன்னபோது டோ ஏறத்தாழ 5,350-இல் இருந்தது. சந்தை விழவில்லை. 1999 மார்ச்சில் 10,000-ஐக் கடந்தது. அவர் வாய்க்கு வந்ததைச் சொன்னவர் அல்லர், பல குறிகாட்டிகளை வைத்து முறையாக ஆய்ந்தே சொன்னார். ஆயினும் ஒருமுறை பலித்தது திறமையாலா, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையா என்பதை அந்த ஒரு பலிப்பை மட்டும் வைத்து யாராலும் தீர்மானிக்க இயலாது. மேலும், ஒவ்வோர் ஆண்டும் பலர் பல தேதிகளைச் சொல்லும்போது எவருடையதாவது ஒன்று பொருந்தத்தான் செய்யும். பொருந்தியவர் பேட்டி கொடுக்கிறார், பொருந்தாதவரின் காணொளியை நாம் மறந்துவிடுகிறோம்.

இதைவிட நாங்கள் பெரிதாக எண்ணுவது, சரியாகவே எச்சரித்த இருவருடைய வரலாற்றைத்தான். அமெரிக்க மத்திய வங்கியின் தலைவராக இருந்த ஆலன் கிரீன்ஸ்பான், 1996 டிசம்பர் 5 அன்று ஆற்றிய உரையில், காரணமற்ற உற்சாகம் சொத்துகளின் விலையை அளவுமீறி ஏற்றிவிட்டதா என்பதை நாம் எப்படி அறிவது என்று கேட்டார். அது கேள்விதான் என்றாலும் உலகச் சந்தைகள் அதை எச்சரிக்கையாகவே எடுத்துக்கொண்டு மறுநாள் சரிந்தன. அவர் ஐயுற்றதுபோலவே தொழில்நுட்பப் பங்குகளின் குமிழி உடைந்தது, ஆனால் உடையத் தொடங்கியது 2000 மார்ச்சில். அவர் பேசிய அன்று டோ 6,400-ஐ ஒட்டி இருந்தது. அந்தச் சரிவின் அடிமட்டமான 2002 அக்டோபரிலும் அது 7,200-க்கு மேல்தான் நின்றது. தொழில்நுட்பப் பங்குகள் நிறைந்த நாஸ்டாக் குறியீடு மட்டும் பழைய நிலைக்கும் கீழே இறங்கியது. அவர் சொல்லைக் கேட்டு டோ பங்குகளை விற்றுவிட்டு, குமிழி உடையட்டும் என்று ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் காத்திருந்தவர், அந்த அடிமட்டத்திலும் விற்ற விலைக்குத் திரும்ப வாங்க முடியாமல் போனார்.

இரண்டாமவர் ரகுராம் ராஜன். பின்னாளில் நம் ரிசர்வ் வங்கியின் ஆளுநராக அறியப்பட்ட அவர், 2005 ஆகஸ்டில் பன்னாட்டு நாணய நிதியத்தின் (ஐஎம்எஃப்) தலைமைப் பொருளியலாளராக இருந்தபோது, அமெரிக்காவின் ஜாக்சன் ஹோலில் நடந்த மாநாட்டில் ஓர் ஆய்வுரை படித்தார். நிதி நிறுவனங்களின் மேலாளர்களுக்கு ஆண்டு லாபத்தை வைத்து ஊதியம் அளிக்கும் முறை, எப்போதோ நிகழக்கூடிய பேரிழப்பை மறைத்துவைத்துக்கொண்டு லாபம் காட்டத் தூண்டுகிறது என்றும், நெருக்கடி வந்தால் வங்கிகள் ஒன்றுக்கொன்று கடன் கொடுக்கவே அஞ்சும் நிலை வரலாம் என்றும் அதில் விளக்கினார். அவையில் அவருக்குக் கடும் எதிர்ப்பே கிடைத்தது. மூன்று ஆண்டுகளில், 2008 உலக நிதி நெருக்கடியின்போது, ஏறத்தாழ அப்படியே நடந்தது. அவர் தேதியும் சொல்லவில்லை, குறியீட்டு எண்ணும் சொல்லவில்லை, எங்கே பழுது என்பதை மட்டும் காட்டினார். இதுவரை நாங்கள் படித்தவற்றுள் நம்பிக்கைக்கு மிகவும் உரிய எச்சரிக்கை இதுவே. இருந்தும் ஒன்றைக் கவனியுங்கள். அவர் பேசிய அந்த மாதத்தில் சென்செக்ஸ் 8,000-ஐ எட்டியிருக்கவில்லை. உலகமே நடுங்கிய 2009 மார்ச் மாதச் சரிவிலும் அதன் மிகக் குறைந்த நாள்முடிவு நிலை 8,160. எச்சரிக்கை சத்தியமானது, ஆனால் அதைக் கேட்ட அன்றே விற்றிருந்தால் நம் ஊர் முதலீட்டாளருக்குப் பயன் ஏதும் கிட்டியிராது.

ஆகவே ஓர் எச்சரிக்கை எங்கே பழுது என்று காரணத்தோடு சொன்னால் அதை மதித்துப் படியுங்கள் என்றும், எந்த நாள் என்று சொன்னால் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறோம். நாளைக் கணிக்க முடியாமைக்குக் காரணம் எளியது. வரும் 15-ஆம் தேதி சந்தை விழும் என்று நம்பத்தகுந்த முறையில் தெரிந்துவிட்டால், எல்லோரும் 14-ஆம் தேதியே விற்பார்கள், விலை அன்றே விழுந்துவிடும்.

வெளியேறுவதற்கு ஆகும் செலவைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. 10 லட்சம் ரூபாய் போட்டு இன்று 20 லட்சமாக வளர்ந்திருக்கும் பங்கு சார்ந்த ஃபண்டு ஒன்றை, ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து, முழுவதுமாக விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 2024 ஜூலை 23 முதல் நடைமுறையில் உள்ள விகிதப்படி, ஆண்டுக்கு 1.25 லட்சம் விலக்குப் போக மீதி 8.75 லட்சத்துக்கு 12.5 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீதக் கூடுதல் தீர்வையும் (செஸ்) சேர்த்து 1,13,750 ரூபாய் கட்டவேண்டும். மிஞ்சும் தொகையில் முன்பிருந்த அதே எண்ணிக்கை யூனிட்டுகளை வாங்க வேண்டுமானால், ஒரு யூனிட்டின் விலையான என்ஏவி ஏறக்குறைய ஆறு சதவீதம் இறங்கவேண்டும், இறங்கிய அந்த நேரத்தில் வாங்குகிற துணிவும் உங்களுக்கு இருக்கவேண்டும். 2020 மார்ச் 23 அன்று அந்தத் துணிவு எத்தனை பேருக்கு இருந்தது? அடுத்த ஜனவரியில் சென்செக்ஸ் 50,000-ஐத் தொட்டது.

இவ்வளவும் சொல்வதால், எது விழுந்தாலும் சில ஆண்டுகளில் எழுந்துவிடும் என்று நாங்கள் உறுதி தருவதாக எண்ணவேண்டாம். ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் இறுதியில் தொட்ட உச்சத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில்தான். முப்பத்து நான்கு ஆண்டுகள் என்பது ஒருவரின் உழைக்கும் காலம் முழுவதும். பொறுத்திருங்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவரும் ஒருவகையில் ஆரூடம் சொல்பவரே.

சொல்பவர் யார், அவருக்கு இதில் என்ன வருமானம் என்பதையும் பாருங்கள். எந்தப் பங்கை வாங்கலாம், விற்கலாம் என்று கட்டணம் பெற்று ஆலோசனை சொல்வோர், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியிடம் பதிவு பெற்றிருக்கவேண்டும். அந்தப் பதிவு எண்ணைச் செபியின் இணையதளத்தில் எவரும் சரிபார்க்கலாம். பயமுறுத்தும் காணொளியின் இறுதியில் டெலிகிராம் குழுவுக்கோ கட்டண வகுப்புக்கோ அழைப்பு இருந்தால், அந்தப் பயம் எதற்காக ஊட்டப்பட்டது என்பது விளங்கிவிடும். எங்களையும் இதே தராசில் நிறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. நாங்கள் மியூச்சுவல் ஃபண்டு விநியோகஸ்தர்கள். நீங்கள் முதலீட்டில் இருக்கும்வரை ஃபண்டு நிறுவனம் எங்களுக்குக் கமிஷன் தருகிறது, நீங்கள் விற்றால் அது நின்றுவிடும். எனவே விற்காதீர்கள் என்று நாங்கள் சொல்லும்போது, அந்தக் கமிஷனையும் மனத்தில் வைத்தே எங்கள் காரணங்களை எடைபோடுங்கள்.

எங்கள் அலுவலகத்தில் யாருடைய விற்பனைப் படிவத்தையும் நாங்கள் மறுப்பதில்லை, தாமதிப்பதும் இல்லை. படிவத்தோடு வருபவரிடம் இந்தப் பணம் எந்த ஆண்டில், எதற்குத் தேவைப்படுகிறது என்று மட்டும் கேட்போம். அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கோ வீட்டு வேலைக்கோ தேவைப்படும் தொகை பங்கில் இருந்தால், எந்த எச்சரிக்கையும் வராவிட்டாலும் அதை வைப்பு நிதிக்கோ, குறுகியகாலக் கடன் பத்திரங்களில் பணம் போடும் லிக்விட் ஃபண்டுக்கோ மாற்றச் சொல்வோம். கடன் வாங்கிப் பங்கில் போட்டவர்களும், நகையை அடகுவைத்துப் போட்டவர்களும் முதலில் கடனைத் தீர்க்குமாறு வேண்டுகிறோம், ஏனெனில் சரிவு வந்தால் காத்திருக்கும் வசதி அவர்களுக்கு இருக்காது. ஒரே நிறுவனப் பங்கிலோ சிறு நிறுவனப் பங்குகளில் பணம் போடும் ஒரே ஸ்மால் கேப் ஃபண்டிலோ பெரும்பகுதியைக் குவித்திருப்பவர்களும் ஒருமுறை நேரில் வருவது நல்லது. இம்மூன்று வகையிலும் சேராதவர்கள் எஸ்ஐபியை நிறுத்தக் காரணம் எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை.

நேரில் வர விரும்புவோர், உங்கள் மின்னஞ்சலுக்கு வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையையும், நிலுவையில் உள்ள கடன்களின் விவரத்தையும் எடுத்துவாருங்கள். மற்ற இடங்களில் வைத்திருக்கும் முதலீடுகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் எங்களால் பொருத்தமாகச் சொல்ல முடியும். சந்தை நேரத்தில் எங்கள் ஊழியர்களுக்கு வேலை மிகுதியாக இருப்பதால், மாலை நான்கு மணிக்குமேல் வந்தால் நிதானமாக உட்கார்ந்து பேசலாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
நிர்வாகப் பங்குதாரர்கள்