'கயிற்றை விட்டுவிடாதே' என்று சொல்லி அனுப்பும் பெற்றோருக்கு

எங்கள் பேட்டையில் நாய் வளர்க்கும் அன்புப் பெற்றோர்களே,

நானும் நாய் வளர்க்கிறவன்தான். காப்பகத்திலிருந்து எடுத்து வந்த 'சிங்கப்பூர் ஸ்பெஷல்', அதாவது உள்ளூர்க் கலப்பின நாய். காலையும் மாலையும் அதோடு நடப்பதால் உங்களில் பலரை முகம் தெரியும். உங்கள் பிள்ளைகளை இன்னும் நன்றாகத் தெரியும். ஏனென்றால் பல வீடுகளிலிருந்து நாயோடு கீழே வருவது அவர்கள் மட்டும்தான். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

சில வாரங்களுக்கு முன்னால் ஒரு மாலை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு பையன் நாயோடு வந்தான். ஏழு வயதுதான் இருக்கும். நாய் அவன் இடுப்பு உயரம். கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிப் பிடித்திருந்தான். கல் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பூனை பாய்ந்தது, நாயும் பாய்ந்தது. பையன் குப்புற விழுந்தான். சுற்றியிருந்த கயிறு கழலவில்லை. கார் நிறுத்துமிடத்தின் விளிம்பு வரை அவனை ஈரத் தரையில் இழுத்துக்கொண்டு போய்விட்டது. சைக்கிளில் சாப்பாடு கொண்டுவந்த ஒருவர் சட்டென்று பிரேக் பிடித்ததால் தப்பினான். நான் ஓடிப்போய் நாயைப் பிடித்தபோது தாடையில் ரத்தம், முழங்கையில் தோல் உரிந்திருந்தது. அவன் அழுதுகொண்டே சொன்னது இதுதான்: "அங்கிள், நான் விடவே இல்லை. அம்மாகிட்ட சொல்லுங்க, நான் கயிற்றை விடவே இல்லை."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சொன்ன வேலையைச் செய்யாத பிள்ளை இல்லை அவன். அப்படியே செய்த பிள்ளை. 'கயிற்றை விட்டுவிடாதே' என்று சொல்லி அனுப்புகிறோம், அவர்களும் விடுவதில்லை. எப்போது விட வேண்டும், எப்போது நாயைத் தூக்கிக்கொள்ள வேண்டும், எப்போது எதிர்ப்பக்கம் திரும்பி நடக்க வேண்டும் என்பதெல்லாம் ஒரு நொடியில் முடிவு செய்ய வேண்டியவை. ஏழெட்டு வயதுப் பிள்ளையிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. பலமும் போதாது. அந்த வயதில் பிள்ளையின் எடை இருபது கிலோவுக்குச் சற்று மேல்தான். என் நாய் பதினெட்டுக் கிலோ. அது முழு வேகத்தில் இழுத்தால் எனக்கே தோள் வலிக்கிறது.

"எங்களுடையது சின்ன நாய்தானே" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் ஒரு நாய்தான் வைத்துக்கொள்ளலாம், அதுவும் அனுமதிக்கப்பட்ட சிறிய இனமாக, இல்லாவிட்டால் தத்தெடுப்புத் திட்டத்தில் வந்த உள்ளூர் நாயாக இருக்க வேண்டும். சரி. ஆனால் சின்ன நாய்க்கு வேறு ஆபத்து. எதிரே பெரிய நாய் ஒன்று பாய்ந்து வந்தால் பிள்ளை என்ன செய்யும்? தன் நாயைக் காப்பாற்ற நடுவில் கையை விடும். கடி கைக்கோ முகத்துக்கோதான். பீஷான் - அங் மோ கியோ பூங்கா பக்கம் நடப்பவர்கள் நீர்நாய்களைப் பார்த்திருப்பீர்கள். குட்டிகளோடு இருக்கும்போது அவை பக்கத்தில் வரும் நாயைப் பொறுத்துக்கொள்வதில்லை. பிள்ளைக்கோ நீர்நாயைக் கண்டால் கிட்டப் போய்ப் பார்க்கத்தான் தோன்றும்.

அப்புறம் மின்தூக்கி. இதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். பிள்ளை உள்ளே போய்விடும், நாய் வெளியே எதையாவது மோந்துகொண்டு நிற்கும், கதவு மூடும். மெல்லிய கயிறு நடுவில் இருப்பது கதவுக்குத் தெரியாமல் போகலாம். மின்தூக்கி மேலே கிளம்பினால் என்ன ஆகும் என்று நான் எழுத விரும்பவில்லை. ஒருமுறை என் கையை நீட்டிக் கதவைத் தடுத்திருக்கிறேன்.

அதே மின்தூக்கியில் அண்டை வீட்டார் ஏறுவார்கள். நாயின் எச்சில் மேலே படக்கூடாது என்று நினைக்கும் முஸ்லிம் பெரியவர் இருப்பார். நாயைக் கண்டால் நடுங்கும் பாட்டி இருப்பார். "நீங்கள் போங்கள், நாங்கள் அடுத்ததில் வருகிறோம்" என்று ஒதுங்கி நிற்பது இத்தனை ஆண்டுகளாக இந்த அடுக்குமாடிகளில் நாம் பழகிய மரியாதை. கூட நடக்கும் பெரியவரைப் பார்த்துத்தான் பிள்ளை அதைக் கற்றுக்கொள்ள முடியும்.

சட்டப்படி பொது இடத்தில் நாய் கயிற்றில்தான் இருக்க வேண்டும். மீறினால் 5,000 வெள்ளி வரை அபராதம். சில பெரிய இனங்களுக்கு வாய்க்கூடும் கட்டாயம். 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் கடையில் செல்லப்பிராணி விற்கக்கூடாது. ஆனால் எங்கள் பூங்காவின் அறிவிப்புப் பலகையில் கயிற்றைப் பிடிக்கும் கைக்கு எத்தனை வயது என்று எதுவும் இல்லை. அதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் நீங்கள்தான். நாய் உரிமமும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது.

பல வீடுகளில் இது எப்படித் தொடங்குகிறது என்று எனக்குத் தெரியும். பிள்ளை நாய் கேட்டு அழும். "வாங்கித் தருகிறேன், ஆனால் நீதான் தினமும் நடக்கக் கூட்டிப் போக வேண்டும்" என்போம். நாய் வேண்டும் என்ற ஆசையில் எட்டு வயதுப் பிள்ளை எதற்கும் தலையாட்டும். அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டு பொறுப்பை அதன் தலையில் கட்டாதீர்கள். பொறுப்பு கற்றுக்கொள்ள வேறு வேலைகள் நிறைய உண்டு: தண்ணீர் வைப்பது, தட்டைக் கழுவுவது, முடி சீவுவது.

பள்ளி, துணைப்பாடம் என்று ஓடும் பிள்ளைகளுக்கு அந்த அரை மணி நேரம்தான் சொந்தக் காற்று என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார். அவர் சொன்னது உண்மை. அதைப் பறிக்கச் சொல்லவில்லை, கூடப் போங்கள் என்றுதான் கேட்கிறேன். நாய்க்கு இரண்டு கயிறு மாட்டலாம், ஒன்று பிள்ளை கையில், மற்றொன்று உங்கள் கையில். நாயை நடத்துவது தான்தான் என்ற பெருமிதம் பிள்ளைக்கு, பிடி உங்களுக்கு. குறைந்தது தொடக்கப்பள்ளி முடியும் வரை இப்படிச் செய்யுங்கள். அதன் பிறகும் வயதை மட்டும் பார்க்காதீர்கள். கயிற்றின் மறுமுனையை நீங்களே பிடித்து, நாய் இழுப்பதுபோல் இழுத்துப் பாருங்கள். பிள்ளை அசையாமல் நிற்கிறதா, 'விடு' என்றால் உடனே விடுகிறதா என்று பாருங்கள். மணிக்கட்டில் கயிற்றைச் சுற்றும் பழக்கத்தை மட்டும் இன்றே நிறுத்துங்கள்.

நாய்க்கடி என்றதும் ஊரில் வளர்ந்த நம் தாத்தா பாட்டிகளுக்கு வெறிநோய்ப் பயம் வந்துவிடும். சிங்கப்பூரில் 1953க்குப் பிறகு அந்த நோய் இல்லை. அதனால் பிள்ளைகளை நாயிடமிருந்து விலக்கி வையுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அந்தப் பையனுக்கும் அவன் நாய்க்கும் இடையே உள்ள அன்பை நேரில் பார்த்தவன் நான். தாடையில் ரத்தம் வழியும்போதும் அதன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தான்.

மாலை ஏழு மணிக்கு நானும் என் நாயும் கீழே விளையாட்டுத் திடல் பக்கம் இருப்போம். வேலை முடிந்து களைப்பாக வருவீர்கள், தெரியும். உடை மாற்றக்கூட வேண்டாம், செருப்பை மாட்டிக்கொண்டு பிள்ளையோடு வாருங்கள், சேர்ந்து ஒரு சுற்று நடப்போம். வரவே முடியாத நாளில் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். உங்கள் நாயையும் நானே கூட்டிப் போகிறேன்.

அன்புடன்,
ஐந்தாம் மாடி அண்டை வீட்டுக்காரர்