குர்சுராவில் வழிகாட்டிய ஐயாவுக்கு நன்றி

விசாகப்பட்டினம் ஆர்.கே. கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கும் ஐ.என்.எஸ். குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலுக்குள் எங்களை அழைத்துப்போன முன்னாள் கடற்படை வீரர் ஐயாவுக்கு நன்றி. பெயர் கேட்டோம், சிரித்துக்கொண்டே அடுத்த குழுவிடம் போய்விட்டார்.

அறைகளுக்கு நடுவே இருக்கும் வட்டக் கதவில் தலையை முதலில் நீட்டினால் இடி நிச்சயம். மேல் விளிம்பைப் பிடித்து, ஒரு காலை அந்தப் பக்கம் ஊன்றி, உடம்பைக் கடத்தி, தலையைக் கடைசியில் கொண்டுவர வேண்டும். ஓர் அறையில் தண்ணீர் புகுந்தாலும் அடுத்த அறை அழுத்தம் தாங்க வேண்டும், அதனால்தான் கதவு அத்தனை சிறிது. முதுகுப்பையோடு போகாதீர்கள், வால்வுகளில் மாட்டும்.

டார்பிடோ (நீருக்கடியில் பாய்ந்து தாக்கும் குண்டு) ஏவும் குழாய்கள் முன்னால் 6, பின்னால் 4 என்பது பலகையிலேயே இருக்கிறது. பேட்டரியைப் பற்றி ஐயா சொன்னதுதான் விசேஷம். டீசல் எஞ்சினுக்குக் காற்று வேண்டும். ஆழத்தில் மின்மோட்டார்தான் ஓடும். அதற்கான பேட்டரியைச் சார்ஜ் செய்யும்போது ஹைட்ரஜன் கசியும். காற்றில் 4 சதவீதத்தைத் தொட்டால் ஒரு தீப்பொறி போதும்! ஆகவே சார்ஜ் ஏறும்போது காற்றோட்டத்தை நிறுத்தவே மாட்டார்களாம்.

1969இல் படையில் சேர்ந்து 2001இல் ஓய்வுபெற்ற கப்பல். திங்கட்கிழமை விடுமுறை. கூட்டம் குறைவான நேரத்தில் போனால் இவரைப் போன்றவர்களிடம் நிதானமாகக் கேட்கலாம்.