செயலாளர் ஆண்டறிக்கை: வலி வரும் முன்னே

பாலியல் தொழிலாளர்களான நம் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுத் தோழியருக்கும், ஒரு மாலை வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. தீர்மானங்கள் பதிவேட்டில் உள்ளன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சென்ற பொதுக்குழு என்னிடம் ஒப்படைத்த வேலையைப் பற்றி மட்டும் நான் விரிவாகச் சொல்கிறேன். வலி வந்தால்தான் ஆஸ்பத்திரிக்குப் போவது என்ற நம் பழக்கத்தை மாற்ற வேண்டும் என்று முடிவெடுத்தோம் அல்லவா, அது.

களத் தோழியரிடம் போன இடமெல்லாம் முதலில் கேட்ட கேள்வி: "உடம்பு நல்லாத்தானே இருக்கு, எதுக்கு டெஸ்ட்?" பால்வினை நோய்களில் ஏமாற்றுவதே இதுதான். கொனோரியாவும் க்ளமிடியாவும் பெண்களிடம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல் கருப்பை வாயில் தங்கிவிடும். விட்டுவைத்தால் கருக்குழாய்க்கு ஏறி, தீராத அடிவயிற்று வலியிலும் பிள்ளைப்பேறு இல்லாமல் போவதிலும் கொண்டுவிடும். சிபிலிஸ் புண் வலிக்காது, தானாகவே ஆறியும் போகும். புண் ஆறியதும் நாம் மறந்துவிடுகிறோம், நோயோ உள்ளே இருக்கிறது. கர்ப்பிணியானால் குழந்தைக்கும் தொற்றும். ஆரம்பத்திலேயே கண்டால் 24 லட்சம் யூனிட் பென்சத்தின் பென்சிலின் ஊசி ஒரே தடவை போட்டால் போதும். விரல் நுனி ரத்தத்தில் எச்.ஐ.வி.யையும் சிபிலிஸையும் சேர்த்துப் பார்க்கும் உடனடிச் சோதனையும் இருக்கிறது. இதைக் கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொன்னோம்.

இன்னொன்றையும் சொன்னோம். குணப்படுத்தக்கூடிய நான்கு பால்வினை நோய்களால் 2020இல் மட்டும் உலகில் 37.4 கோடி புதிய தொற்றுகள் வந்தன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இத்தனையையும் நம் தலையில் கட்டி, நோய் பரப்புகிறவர்கள் என்று பேசுவது அநியாயம். நோய் நம்மிடம் வந்து சேரவும் ஒருவர் வேண்டும்.

ஆண்டின் நடுவில் ஒரு சறுக்கல். ஒரு மருத்துவமனையின் பதிவுச் சீட்டு வரிசையில் நம் உறுப்பினர் ஒருவரிடம், எல்லோர் காதிலும் விழும்படி அவருடைய தொழிலைக் கேட்டார்கள். அவர் சோதனை செய்யாமலே திரும்பினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் நின்றுவிட்டார்கள். அதன் பிறகு தனியாக யாரையும் அனுப்புவதில்லை என்று வைத்துக்கொண்டோம். கூடவே ஒரு தோழி போகிறார். நம் குறிப்பேட்டில் பெயருக்குப் பதில் எண் மட்டும். நின்றவர்களில் சிலர் மீண்டும் வரத் தொடங்கியிருக்கிறார்கள், எல்லோரும் அல்ல.

வேலை முடிந்ததும் கிருமிநாசினி ஊற்றி உள்ளே கழுவும் வழக்கம் நம்மில் பலரிடம் உண்டு. சுத்தமாக இருக்க நினைத்துத்தான் செய்கிறோம். ஆனால் உள்ளே காவல் நிற்கும் நல்ல பாக்டீரியா அதில் அழிகிறது, மென்மையான தோல் புண்ணாகிறது, தொற்றுக்கு வழி திறந்துவிடுகிறது. நானாக்சினால்-9 என்ற விந்துக்கொல்லி ஜெல் எச்.ஐ.வி.யைத் தடுக்குமா என்று பெனின், ஐவரி கோஸ்ட், தென்னாப்பிரிக்கா, தாய்லாந்து நாடுகளில் நம் தொழிலில் இருக்கும் பெண்களிடமே சோதித்தார்கள். 2000இல் முடிவு வந்தது: ஜெல் போட்டவர்களுக்கே தொற்று அதிகம். உள்ளே எதையும் ஊற்றாதீர்கள், தோழியரே. ஆணுறையோடு எண்ணெய் வேண்டாம், ரப்பர் கிழியும். நீரை அடிப்படையாகக் கொண்ட வழவழப்பு ஜெல் போதும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு உறை போடவும் வேண்டாம்.

எனக்கு மனம் ஆறாத இடம் வீடு. வேலையிடத்தில் ஆணுறை இல்லாமல் சம்மதிக்காத பெண்கள், கூட வாழும் ஆளிடம் அதைக் கேட்பதில்லை. "காண்டம் போடச் சொன்னா அவரும் கஸ்டமரா ஆயிடுவாரேக்கா" என்றார் ஒருவர். அந்தக் கூட்டத்தில் அதற்கு மேல் யாரும் பேசவில்லை. அன்பு இருக்கும் இடம் என்று அவர் காட்ட விரும்புவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மருந்து சாப்பிட்டுக் குணமானவருக்குச் சில வாரத்தில் அதே நோய் திரும்புவது அந்த அன்பின் வழியாகத்தான். துணைவருக்கும் சேர்த்துச் சிகிச்சை நடக்காத வரை இது தீராது. அழைத்து வந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். இந்த வேலையில் நாம் பாதி வழிகூடப் போகவில்லை.

எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை கேட்டு வருபவர்கள் கூடியிருக்கிறார்கள். நல்லது. அது சிபிலிஸையோ கொனோரியாவையோ தடுக்காது என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லியே அனுப்புகிறோம். மஞ்சள்காமாலை பி தடுப்பூசியில் முதல் ஊசிக்கு வருகிறவர்கள் ஆறாம் மாத ஊசியை விட்டுவிடுகிறார்கள். மூன்றும் போட்டால்தான் முழுப் பலன்.

கைப்பையில் ஆணுறை இருந்ததைப் போலீசார் குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்வதாக உறுப்பினர்கள் முறையிட்டார்கள். பிடிபடுவோம் என்ற பயத்தில் உறையே எடுத்துப் போகாதவர்கள் இருக்கிறார்கள். இத்தொழிலைக் குற்றமாக்குவதை நிறுத்தினால் பத்தாண்டுகளில் புதிய எச்.ஐ.வி. தொற்றில் 33 முதல் 46 விழுக்காடு வரை தவிர்க்கலாம் என்று 2014இல் லான்செட் மருத்துவ இதழ் ஆய்வு கணித்திருந்தது. அதையும் இணைத்து மனு கொடுத்தோம். பதில் வரவில்லை. மறுபடி கொடுப்போம்.

வரும் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் சோதனை என்ற தீர்மானத்தைக் குழு முன்வைக்கிறது. இரவு நேரத்தில் துணைக்குப் போகத் தோழியர் போதவில்லை. விருப்பமுள்ளவர்கள் கூட்டம் கலைவதற்குள் என்னிடம் பெயர் கொடுங்கள்.

இவ்வறிக்கையை ஏற்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்