மறுகட்டுமானம்: ஞாயிறு கூட்டம்

அனைவருக்கும் வணக்கம். நம் அண்ணா நகர் குடியிருப்பை இடித்துப் புதிதாகக் கட்டுவது பற்றி வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு மொட்டை மாடியில் பேசுகிறோம். மழை வந்தால் கார் நிறுத்துமிடத்தில்.

1. பத்திர நகல் கொண்டு வாருங்கள். அதில் உங்கள் பிரிபடாத பாகம் (மொத்த நிலத்தில் உங்கள் வீட்டுக்கு உரிய பங்கு) எத்தனை சதுர அடி என்று முதலில் பாருங்கள். புது வீட்டின் அளவு பற்றிய பேச்சே அதிலிருந்துதான் தொடங்கும்.
2. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமை பற்றிய 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் போதும். வராமல் இருந்தால் வேலை நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம்.
3. எந்த பில்டர் வந்து கேட்டாலும் தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள். ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தாலும் சரி!
4. வெளியூரில் இருப்பவர்கள் வீடியோ காலில் வரலாம்.

வெள்ளிக்குள் வீட்டு எண்ணோடு பதில் போடுங்கள். வெறும் கட்டைவிரல் எமோஜி வேண்டாம், கணக்கு வைக்க முடியவில்லை.