பட்டுப் பிரிவில் ஒரு ஸ்டூல்: ஜவுளிக்கடை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்து ஜவுளிக்கடை முதலாளிகளுக்கும் தள மேலாளர்களுக்கும்,

வணக்கம். உங்களில் ஒருவருடைய கடையில் பதினாறு ஆண்டுகளாகப் பட்டுப் பிரிவில் நிற்கிறேன். ‘வேலை பார்க்கிறேன்’ என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ‘நிற்கிறேன்’ என்று வந்துவிட்டது. அதுவே பொருத்தமாக இருப்பதால் அடிக்கவில்லை. கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்றவர்கள் ‘நம்மைப் பற்றி இல்லை’ என்று மடலை மடித்து வைத்துவிடுவீர்கள்.

விடுப்புக் கடிதத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையை வைத்து மலையாளத்தில் எழுதிக் கொடுத்தேன். கேட்டு வாங்குவதை எந்த மொழியிலும் செய்துவிடலாம். வழக்காட எனக்குத் தமிழ்தான் வரும்.

கடந்த தை மாதம் எனக்கு எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை நடந்தது. அப்போது 116 கிலோ இருந்தேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், போதாக்குறைக்கு இரண்டு முழங்காலும் பழுது. கணவர் கஞ்சிக்கோட்டில் ஆலைத் தொழிலாளி. அவருடைய ஆலையின் குழுக் காப்பீட்டில் பெரும்பகுதி போயிற்று. மீதிக்கு என் சங்கிலி வங்கியில் இருக்கிறது. வயிற்றில் நான்கைந்து சிறு துளைகள் போட்டு, இரைப்பையில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கை வெட்டி எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது ஒரு வாழைப்பழம் அளவுக் குழாய். ஒரு சிறிய டீ கிளாஸ் அளவு உள்ளே போனால் நிரம்பிவிடும்.

பில்லிங் கவுன்டர் பக்கம் ஒரு பேச்சு கேட்டேன்: ‘குறுக்கு வழியில் இளைத்துவிட்டாள்.’ மாநில எல்லையில் வாளையார் செக்போஸ்ட்டுக்குத் தெரியாமல் ஊடுவழியில் அரிசி மூட்டை கடத்துவது போல என்று நினைத்துவிட்டார்கள். இந்த ஊடுவழியில் முதல் இரண்டு வாரம் மோரும் பருப்புத் தண்ணீரும் மட்டுமே. அடுத்த இரண்டு வாரம் எல்லாவற்றையும் குழந்தைக்கு மசிப்பது போல மசிக்க வேண்டும். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து, பி12 எல்லாம் ஆயுள் முழுவதும். அதிலும் இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்துப் போடக்கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். நேர்வழி எங்கே இருக்கிறது என்று யாராவது காட்டியிருந்தால் அதிலேயே போயிருப்பேன். இருபது ஆண்டுகள் தேடினேன்.

ஆறு வாரம் கழித்து, பங்குனியில் வேலைக்குத் திரும்பினேன். இந்த மடல் அந்தத் திரும்புதலைப் பற்றியது.

முதல் நாளே மருத்துவரின் கடிதத்தைக் கொடுத்தேன். இன்னும் சில வாரங்களுக்குப் பாரம் தூக்கக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிட வேண்டும், அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. மதியத்துக்குள் அந்தக் கடிதத்தில் இருந்தது தரைத்தளத்துக் கைக்குட்டைப் பிரிவு வரை தெரிந்துவிட்டது. மேலாளரின் மேசை இழுப்பறையில் இருக்க வேண்டிய காகிதம் அது. மறுவாரமே விஷுப் பண்டிகைச் சரக்கு பண்டல் பண்டலாக வந்து இறங்கியது. ‘சேச்சி, அந்த ஓரத்தைக் கொஞ்சம் பிடியுங்கள்’ என்றார்கள். பிடித்தேன். துளை போட்ட இடத்தில் குடல் பிதுங்கினால் மறுபடி ஆபரேஷன் மேசைதான் என்று தெரிந்தும் பிடித்தேன். பதினாறு ஆண்டுப் பழக்கம், கூப்பிட்டதும் கை தானாக நீண்டுவிடுகிறது. அந்தக் குற்றத்தில் பாதி என்னுடையது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். எங்களுக்கு மதிய இடைவேளை இருபது நிமிடம். மாடிப்படி இறங்கி, கை கழுவி, வரிசையில் நின்று தட்டு வாங்குவதற்குள் அதில் எட்டு போய்விடும். முன்பு மிச்சமிருந்த பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு குன்று மட்டை அரிசிச் சோற்றை வாரி விழுங்கிவிட்டு ஓடி வருவேன். என் உடம்பு அப்படி ஆனதில் அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்கும் பங்கு உண்டு என்றுதான் நினைக்கிறேன். இப்போது ஒரு முட்டையும் நான்கு கரண்டி பாசிப்பயறும் சாப்பிட எனக்கு அரை மணி நேரம் வேண்டும். அவசரப்பட்டால் நெஞ்சுக்குழியில் கல் வைத்தது போல அடைக்கும், பிறகு வாந்தி. இரண்டு முறை கழிப்பறைக்கு ஓடினேன். ‘இந்த வயதில் விசேஷமா?’ என்று கேட்டுச் சிரித்தார்கள். எனக்கு 44 வயது.

தண்ணீர்க் கதை இன்னும் மோசம். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக்கூடாது, அரை மணி நேரம் தள்ளித்தான் குடிக்க வேண்டும். ஒரே மூச்சில் ஒரு டம்ளரைக் கவிழ்க்கவும் முடியாது. நாள் முழுவதும் மிடறு மிடறாகக் குடித்து ஒன்றரை லிட்டராவது சேர்க்க வேண்டும். இந்த சிகிச்சைக்குப் பின் திரும்பவும் ஆஸ்பத்திரியில் சேர்கிறவர்கள் நீர்ச்சத்து குறைந்து சேர்வது சகஜம் என்று மருத்துவர் எச்சரித்துத்தான் அனுப்பினார். இங்கோ சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. கடையிலோ விற்பனைத் தளத்துக்குப் பாட்டில் கொண்டுவரத் தடை. பட்டில் தண்ணீர் தெறித்தால் கறை விழும் என்பது உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும், எத்தனை சேலைகளை இந்தக் கையால் காப்பாற்றியிருக்கிறேன். தூணுக்குப் பின்னால் மூடி போட்ட பாட்டில் ஒன்று இருந்தால் எந்தக் காஞ்சிபுரம் கெட்டுவிடும்?

கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் தையல்காரராக இருந்த பி. விஜியும் அவருடைய ‘பெண்கூட்டு’ என்ற பெண் தொழிலாளர் அமைப்பும் முதலில் கேட்டது கழிப்பறைதான். கடைப் பெண்கள் போக இடமில்லாததால் தண்ணீரே குடிக்காமல் இருந்தார்கள். அதற்கடுத்து அவர்கள் கேட்டது உட்கார நாற்காலி. 1960ஆம் ஆண்டின் கேரளக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம் 2018இல் திருத்தப்பட்டு, கடைத் தொழிலாளர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று ஆனது. 2021இல் தமிழ்நாடும் அதே வழியில் சட்டம் செய்தது. எல்லையில் இருக்கும் கோபாலபுரத்துக்கு இந்தப்பக்கமும் சட்டம் இருக்கிறது, அந்தப்பக்கமும் சட்டம் இருக்கிறது. எங்கள் தளத்தில் ஸ்டூல்தான் இல்லை.

116 கிலோவில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு ஸ்டூல் கேட்டேன். ‘உட்கார்ந்தால் சேச்சி எழுந்திருக்க மாட்டீர்கள்’ என்று பதில் வந்தது. இப்போது 88 கிலோ. மறுபடி கேட்டேன். ‘அதுதான் மெலிந்துவிட்டீர்களே, இனி எதற்கு?’ எத்தனை கிலோவில் ஸ்டூல் கிடைக்கும் என்று ஒரு பலகையில் எழுதி மாட்டினால் அந்த எடையில் வந்து நிற்பேன்.

முடி கொட்டியதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் எல்லோரும் அதைத்தான் பார்த்தீர்கள். மூன்றாம் மாதத்திலிருந்து கொத்துக் கொத்தாக வந்தது. இந்த சிகிச்சைக்குப் பின் பலருக்கும் நடப்பதுதான், பெரும்பாலும் மீண்டும் வளரும். வாடிக்கையாளர் ஒருவர் ‘ஏதாவது பெரிய வியாதியா?’ என்று என் காதுபடக் கேட்டார். அதற்கு மறுநாள் என்னைக் கண்ணாடி ஓரத்திலிருந்து மடிப்பு மேசைக்கு மாற்றினார்கள். காரணம் சொல்லவில்லை. கேட்டிருந்தால் நானே ஒரு முழம் மல்லிகைப்பூ கூடுதலாக வைத்துச் சமாளித்திருப்பேன்.

உங்களுக்கு நஷ்டக்கணக்கு சொல்ல வரவில்லை. முன்பு இரண்டாம் மாடிக்கு ஏற நான்கு இடத்தில் நிற்பேன். இப்போது நின்று மூச்சு வாங்குவது என்னோடு வரும் சின்னப் பெண்கள். சர்க்கரை மாத்திரை பாதியாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டாரையும் பெண் வீட்டாரையும் ஒரே சேலைக்குச் சம்மதிக்க வைக்கும் வித்தை எங்கும் போய்விடவில்லை. மருத்துவர்கள் வயிற்றைத்தான் வெட்டினார்கள், வாயை அல்ல. முற்பகல் பத்து நிமிடம், பிற்பகல் பத்து நிமிடம் எனக்குத் தனியாகக் கொடுங்கள். டீ குடிக்கப் போகும் ஆண்களுக்கு அந்த நேரத்தை யாரும் எண்ணுவதில்லை.

ஓணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. கசவுச் சேலைப் பண்டல்கள் வரத் தொடங்கிவிட்டன. போன வாரம் கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் 350 ரூபாய்க்கு நானே ஒரு ஸ்டூல் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து பட்டுப் பிரிவில் போட்டேன். மறுநாள் காலையில் காணவில்லை. மூன்றாம் மாடிக் கிடங்கில் பழைய பொம்மைகளுக்குப் பின்னால் இருக்கிறது, பார்த்துவிட்டேன். நானாக எடுத்து வரமாட்டேன். ஏற்றி வைத்தவர் யாரோ, அவரே இறக்கி வைக்கட்டும்.

இப்படிக்கு,
பட்டுப் பிரிவில் நிற்பவள்