குரூப்பை விட்டுப் போனவனுக்கு

திருப்பூர்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. புரளியையெல்லாம் நம்புகிறார்கள் என்று கோபித்துக்கொண்டு காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து நீ வெளியேறிய அன்றைக்கே நினைத்தேன், இவன் சும்மா போகமாட்டான், எனக்குத் தனியாகத் திட்டி எழுதுவான் என்று. திட்டிலும் குறைவில்லை. கையெழுத்து மட்டும் இன்னும் கரும்பலகைக் கையெழுத்துதான்.

முதலில் வீட்டுச் சேதி. எல்லோரும் சுகம். என் மூட்டுக்கு ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்கிறார் டாக்டர், நான் தீபாவளி, பொங்கல் என்று தள்ளிக்கொண்டிருக்கிறேன். கம்பெனியைச் சின்னவன் பார்த்துக்கொள்கிறான். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்காக்காரன் வரியை 50 சதவீதமாக ஏற்றியதிலிருந்து தூக்கம் குறைந்துவிட்டது அவனுக்கு. தைத்து முடித்து அட்டைப்பெட்டியில் அடுக்கிய சரக்கை 'கொஞ்சம் பொறுங்க' என்கிறான் பையர். இதிலும் தினம் ஒரு புரளி. 'நாளைக்கு வரி பாதியாகுது', 'அந்த ஏரியாவில் நாலு கம்பெனி மூடிட்டான்' என்று. விசாரித்தால் மூடிய கம்பெனி எதுவென்று எவனுக்கும் தெரியாது.

உன் விஷயத்துக்கு வருகிறேன். 'படிக்காதவன் நம்பினால் மன்னிக்கலாம், நம்மோடு பி.எஸ்சி. படித்தவனை எப்படி மன்னிப்பது' என்று எழுதியிருக்கிறாய். இதில்தான் எனக்கு உன்னோடு ஒத்துவரவில்லை. படிப்புக்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

1996 ஞாபகம் இருக்கிறதா? ராஜபாளையம் பக்கத்து ராமர் பிள்ளை மூலிகையைப் போட்டுத் தண்ணீரைப் பெட்ரோலாக்கிவிட்டார் என்று நாடே கொண்டாடியது. உன் ஊர்ப்பக்கத்துக்காரர் வேறு. டீக்கடையில் உன்னை மறித்து, 'கெமிஸ்ட்ரி சாருக்குப் பொறாமை' என்றார்கள். 'ஹைட்ரஜன் எரிஞ்சு முடிஞ்ச சாம்பல்தான்யா தண்ணி, சாம்பலை எப்படித் திரும்பக் கொளுத்துவீங்க' என்று நீ கேட்டாய். ஒருத்தன் காதிலும் ஏறவில்லை. பட்டம் வாங்கியவர்களும் அதிகாரத்தில் இருந்தவர்களும்தான் அன்றைக்கு முன்வரிசையில் நின்று கைதட்டினார்கள். சி.பி.ஐ. வழக்கு நடந்து, எழும்பூர் நீதிமன்றம் மூன்று வருடத் தண்டனை கொடுத்தபோது 2016 அக்டோபர். அதற்குப் பிறகும் 'பெட்ரோல் கம்பெனிக்காரன் அமுக்கிட்டான்' என்று சொல்கிறவர்களை நான் இங்கே பார்க்கிறேன். இங்கிலீஷ் தெரியாத கிராமத்துப் பையன் என்றால் பெரிய இடத்தில் மதிக்கமாட்டார்கள் என்பது அவர்கள் வாழ்க்கையில் பார்த்த நிஜம். ராமர் பிள்ளை அந்த நிஜத்தின் மேல் ஏறி நின்றுகொண்டார். நீ தண்ணீரைப் பற்றிப் பேசினாய், அவர்கள் கேட்டது வேறு.

பொய் வெறும் தரையில் முளைப்பதில்லை என்று எனக்குப் புரிந்தது 2023 மார்ச்சில். நீ அப்போது பேப்பரில் படித்திருப்பாய். நான் உள்ளே இருந்து பார்த்தேன்.

அந்த மார்ச் 1 ஆம் தேதி சென்னையில் அப்போதைய முதலமைச்சர் ஸ்டாலினின் எழுபதாவது பிறந்தநாள் கூட்டம். அன்றைக்குப் பீகார் துணை முதல்வராக இருந்த தேஜஸ்வி யாதவ் வந்து மேடையில் உட்கார்ந்தார். மறுநாள் பாட்னா சட்டமன்றத்தில் அமளி. 'தமிழ்நாட்டில் நம் பிள்ளைகளை வெட்டுகிறார்கள், நீ அங்கே போய்க் கேக் சாப்பிடுகிறாயா' என்கிற மாதிரி. அரசியல்வாதிக்கு அது ஒரு நாள் ஆயுதம். ஆனால் அதற்குள் போனில் வீடியோக்கள் பறந்துவிட்டன. ராஜஸ்தானில், ஜோத்பூரில் நடந்த ஒரு கொலையைத் தமிழ்நாடு என்று போட்டார்கள். தலையிலும் கையிலும் கட்டுப் போட்டுக்கொண்டு தொழிலாளிகள் அழுத இன்னொரு வீடியோவைப் பாட்னாவிலேயே ஒரு வாடகை வீட்டில் வைத்து எடுத்திருக்கிறார்கள் என்று பின்னால் பீகார் போலீசே சொன்னது.

நம் கம்பெனியில் பவர் டேபிள், கட்டிங், செக்கிங் என்று பாதிப் பேர் பீகார், ஒடிசாப் பையன்கள். அவர்களுக்குத் திருப்பூரில் ஒன்றும் நடக்கவில்லை என்று கண்ணாலேயே தெரியும். காலையில் அதே பெட்டிக்கடையில் அதே ஆளிடம் பான் வாங்கிக்கொண்டுதான் வருகிறார்கள். ஆனாலும் பையைக் கட்டினார்கள். ஏனென்று ஒரு பையனைக் கேட்டேன். 'எனக்குத் தெரியும் சேட், அம்மாவுக்குத் தெரியாதே, மூணு நாளா சாப்பிடலையாம்' என்றான். (அவன் தமிழ் என் இந்தியைவிட நன்றாயிருக்கும்.) எனக்குச் சுருக்கென்றது. இங்கே நிற்கிற ஆளை ஏமாற்ற அந்த வீடியோவுக்கு அவசியமே இல்லை. இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற, அவன்மேல் உயிரை வைத்திருக்கிற ஒருத்தியை ஏமாற்றினால் போதும்.

டி.ஜி.பி. சைலேந்திர பாபு வீடியோ வெளியிட்டார், கலெக்டர் ஆபீஸில் உதவி எண் கொடுத்தார்கள், போலீஸ் கம்பெனி கம்பெனியாக வந்து இந்தியில் பேசினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது. எல்லாம் தேவைதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் என் கண்ணுக்கு எதிரில் பலித்தது, எங்கள் சூப்பர்வைசர் செய்த வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருத்தனையும் வீட்டுக்கு வீடியோ கால் போடச் சொல்லி, போனை வாங்கி கம்பெனி முழுக்கச் சுற்றிக்காட்டினார். தையல் மிஷினில் இருக்கிற நம்மூர்ப் பெண்கள் அந்த அம்மாக்களுக்குக் கை காட்டினார்கள். சிலர் தங்கினார்கள். சிலர் ஹோலியைச் சாக்கு வைத்து தன்பாத் வண்டியில் ஏறிப் போனார்கள். போனதில் எல்லோரும் திரும்பி வரவில்லை.

இப்போது நீ கேட்க விரும்பாத பகுதி. அந்தப் பொய்க்குள் ஒரு நிஜம் இருந்தது. பிப்ரவரியில் ஓடுகிற ரயிலில் ஒருத்தன் வடமாநிலப் பையன்களைக் கெட்ட வார்த்தையில் திட்டி அடித்தானே, அந்த வீடியோ நிஜம். ரயில்வே போலீஸ் ஆளைப் பிடித்தது. அதற்கு முந்தின மாதம், இங்கே ஒரு டீக்கடைச் சண்டையை வைத்து 'வடக்கன் தமிழனைத் துரத்தித் துரத்தி அடிக்கிறான்' என்று நம்மாட்களே ஊரெல்லாம் பரப்பினார்கள். அதை ஃபார்வர்டு செய்தவர்களில் நம் குரூப் ஆட்களும் உண்டு. மார்ச்சில் 'பீகார்க்காரன் எப்படிப் பொய் பரப்புறான் பாரு' என்று கொதித்தவர்களும் அவர்களேதான். பஸ்ஸில், ரேஷன் கடையில், வாடகை வீடு கேட்கப் போகிற இடத்தில் அந்தப் பையன்கள் என்ன வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள் என்று அவர்கள் அம்மாக்களுக்குக் கொஞ்சமாவது தெரிந்திருக்கும். அதனால்தான் வெட்டுகிறார்கள் என்றதும் நம்பினார்கள். 'ஒன்றுமே நடக்கவில்லை, எல்லாம் அமைதிப் பூங்கா' என்று நாம் சொன்னால் அதுவும் முழு உண்மை இல்லை, கேட்கிறவனுக்கு அது தெரியும்.

நடிகர் விவேக் விஷயத்தில் நீ சண்டை போட்டதும் இதே இடத்தில்தான் வழுக்கியது என்பேன். கோபித்துக்கொள்ளாதே. 2021 ஏப்ரல் 15 ஆம் தேதி ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில், கேமரா முன்னால், மக்களுக்குத் தைரியம் வரட்டும் என்று கோவேக்சின் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17 ஆம் தேதி அதிகாலை போய்விட்டார். ஒரு நல்ல மனிதர், ஒரு நல்ல காரியம், இப்படி ஒரு முடிவு. யாருக்குத்தான் சந்தேகம் வராது? எனக்கும் அன்றைக்கு வயிற்றைக் கலக்கியது. தடுப்பூசிக்குச் சம்பந்தமில்லை என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். தேசிய அளவிலான குழு ஆராய்ந்து, ஏற்கெனவே ரத்த அழுத்தம் இருந்தது, ஊசியால் நேர்ந்த சாவு இல்லை என்று முடிவு சொன்னது அக்டோபரில். முதல் நாள் சொன்னதே கடைசியில் சரி. ஆனால் ஆராய ஆறு மாதம் வேண்டியிருந்த ஒன்றை ஆறு மணி நேரத்தில் அடித்துச் சொன்னால், பயந்தவன் இவர்கள் எதையோ மூடுகிறார்கள் என்றுதானே நினைப்பான்?

அதோடு நம் பக்கத்து ஆட்கள் செய்த காரியம் ஒன்று. இதயத்தின் முக்கியமான ரத்தக்குழாயில் நூறு சதவீத அடைப்பு என்று ஆஸ்பத்திரி சொன்னதும், 'நூறு சதவீத அடைப்பு ஒரே நாளில் வருமா, அறிவிருக்கா' என்று குரூப்பில் டாக்டராக இருக்கிறவனே எழுதினான். அவனுக்கே தெரியும் அது பாதிதான் என்று. குழாயில் கொழுப்புப் படிவது வருடக்கணக்கில். அது வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து முழுசாக அடைப்பது சில நிமிடங்களில்கூட நடக்கும். இதைப் பொறுமையாகச் சொல்லியிருந்தால், நேற்றுவரை நன்றாயிருந்த மனிதர் இன்றைக்கு எப்படி விழுந்தார் என்பதற்கும் பதில் கிடைத்திருக்கும். 'எதிராளியை வாயடைக்கணும்' என்ற அவசரத்தில், நல்ல விளக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டே மோசமான விளக்கத்தை எடுத்து வீசினான். நீ அதற்குக் கட்டைவிரல் போட்டாய்.

அரசியலைப் பற்றி நீ எழுதியதில் எனக்குச் சொல்ல அதிகமில்லை. அதே 2023 இல் ஓர் அமைச்சர் பேசியதாக ஒலிப்பதிவு வந்தது, அவர் அது ஜோடிக்கப்பட்டது என்றார். குரூப்பில் யார் என்ன சொல்வார்கள் என்று முன்கூட்டியே சீட்டில் எழுதி வைத்திருக்கலாம். கேட்பதற்கு முன்னாலேயே அவரவர் கட்சிக் காது கேட்டுவிட்டது. இப்போது யார் குரலையும் யார் வாயிலும் ஒட்டலாம் என்று ஆனபிறகு, பொய்யை நம்பவைப்பதைவிட நிஜத்தைப் பொய் என்று சொல்லித் தப்பிப்பது சுலபமாகிவிட்டது. அதற்கு என்னிடம் மருந்தில்லை.

உன்னிடம் ஒரு வேலை வாங்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பேத்திக்குப் பதின்மூன்று முடியப் போகிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராமலிருக்க ஹெச்.பி.வி. தடுப்பூசி போட்டுவிடுங்கள் என்று குழந்தை டாக்டர் சொல்லியிருக்கிறார். மருமகளுக்கு முதலில் சம்மதம். பிறகு அவள் அக்கா ஒரு செய்தி அனுப்பினாள். 'ஆந்திராவில் இந்த ஊசி போட்டு ஏழு பெண்பிள்ளைகள் செத்தார்கள், அமுக்கிவிட்டார்கள், போட்டால் குழந்தையும் பிறக்காது' என்று. இப்போது அவள் பேச்சையே எடுக்க விடுவதில்லை. சின்னவன் 'எல்லாம் ஃபேக்' என்று ஒரே வார்த்தையில் முடித்தான், வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

ஃபேக் இல்லையே, அதுதானே சிக்கல். 2009 இல், அப்போது ஆந்திராவில் இருந்த கம்மம் மாவட்டத்தில் சுமார் பதினாலாயிரம் பெண்பிள்ளைகளுக்குப் போட்டார்கள், நிறையப் பேர் பழங்குடிப் பிள்ளைகள். குஜராத்தில் வதோதராவிலும் போட்டார்கள். இரண்டு இடத்திலும் சேர்த்து ஏழு பேர் இறந்தது நிஜம். 2010 இல் திட்டத்தை நிறுத்தினார்கள். விசாரணையில் ஐந்து சாவுகள் நீரில் மூழ்கியது, பாம்பு கடித்தது, பூச்சிமருந்து குடித்தது, மலேரியா என்று வந்தன. ஊசி காரணம் இல்லை. மற்ற இரண்டு சாவுகளுக்குக் காரணம் அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை, ஆனால் ஊசியால் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்றார்கள். ஆனால் அப்பா அம்மாவைக் கேட்காமல் ஹாஸ்டல் வார்டன்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் நிஜம். நாடாளுமன்றக் குழு 2013 இல் அதைக் கிழித்துத் தொங்கவிட்டது. மலட்டுத்தன்மை என்பது சுத்தப் பொய். இத்தனை நிஜத்துக்கும் பொய்க்கும் நடுவில் அவளை நிறுத்திவைத்து 'ஃபேக்' என்றால் அவள் யாரை நம்புவாள்?

நான் சொன்னால் மாமனார் பேச்சாகிவிடும். நீ பார்த்து முடித்துவைத்த சம்பந்தம், பிளஸ் டூவில் உன்னிடம் கெமிஸ்ட்ரி படித்தவள், இன்றைக்கும் உன்னைச் சார் என்றுதான் கூப்பிடுகிறாள். அவளுக்கு நேராக ஒரு கடிதம் எழுது. அந்தப் பிள்ளைகள் செத்ததிலிருந்தே ஆரம்பி. வார்டன் கையெழுத்தை விட்டுவிடாதே, முக்கியமாக அதை. அந்தத் தாய்மாரைக் கேட்காமல் போட்டார்கள், உன்னைக் கேட்டுத்தான் போடுவார்கள் என்று சொல். வைரஸ் எப்படிப் புற்றாக மாறுகிறது, ஏன் சின்ன வயதில் போடச் சொல்கிறார்கள் என்பதெல்லாம் பிறகு வரட்டும். அவள் அக்காவைக் கிண்டல் செய்யாதே. இந்தியாவிலேயே ஒரு கம்பெனி இந்த ஊசியைத் தயாரிக்கிறது, விலையும் முன்புபோல் இல்லை என்பதை வேண்டுமானால் கடைசியில் சேர்.

போன் வேண்டாம், போனில் நீ கத்துவாய். அடுத்த மாதம் பேத்தியை அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போகவேண்டிய நாள் வருகிறது, அதற்குள் கிடைக்கிற மாதிரி அனுப்பு. வீட்டு முகவரிக்கு அனுப்பு, கம்பெனிக்கு அனுப்பினால் சின்னவன் பிரித்துப் படித்துவிடுவான்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்
உன் பழைய ரூம்மேட்